ஆர்டர் வேண்டாம்னு சொல்றதும் பிசினஸ்தான்... சிக்கல் கஸ்டமரை அட்வான்ஸ் வாங்கும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

ராத்திரி மணி 11.20. அடுப்படியைத் துடைத்துவிட்டு, நாளைக்கான கேக்கை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். போன் மின்னுகிறது.

'ஹாய் சிஸ், நாளைக்கு காலைல 9 மணிக்கு ஒரு கிலோ கேக் வேணும். இதே டிசைன். ரேட் கம்மி பண்ணி சொல்லுங்க.'

கூடவே ஒரு படம். மூன்று அடுக்கு, அதைச் சுற்றிச் சர்க்கரையில் செய்த பூக்கள். ஒரு கிலோவில் வரவே வராத கேக் அது. ஒரே ராத்திரியில் முடிக்கவும் முடியாது. மனசு 'வேண்டாம்' என்கிறது. கை மட்டும் 'ஓகே மேம், ட்ரை பண்றேன்' என்று டைப் செய்துவிடுகிறது.

அந்த 'ட்ரை பண்றேன்'லதான் பிரச்னையே ஆரம்பிக்கிறது. மறுநாள் கேக் போய்ச் சேர்ந்ததும் 'படத்துல இருந்த மாதிரி இல்லையே' என்று மெசேஜ் வரும். பாதிப் பணம் வராது. தூக்கமும் போச்சு, பேரும் போச்சு.

கேக், ஆரி ஒர்க் பிளவுஸ், மெஹந்தி, போட்டோகிராபி, டெரகோட்டா நகை... வீட்டிலிருந்தோ, சின்னக் கடை போட்டோ தொழில் செய்யும் யாருக்கும் இந்த ராத்திரி புதுசு இல்லை. எந்த ஆர்டரை எடுக்கக் கூடாது, அதை எப்படி மரியாதையாகச் சொல்வது... வாங்க, பார்க்கலாம்.

தாத்தா காலத்துப் போர்டு

பெட்டிக்கடையில் ஒரு போர்டு தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? 'கடன் அன்பை முறிக்கும்.' அதற்குப் பக்கத்திலேயே 'இன்று ரொக்கம், நாளை கடன்.' அதைப் பார்த்துச் சிரித்திருப்போம். ஆனால், அந்த போர்டு செய்யும் வேலை சாதாரணமானது இல்லை.

தினமும் பார்க்கும் ஆளிடம், முகத்துக்கு நேரே 'உனக்குக் கடன் இல்லைப்பா' என்று சொல்வது கடைக்காரருக்குக் கஷ்டம். அதனால் அவர் சொல்ல வேண்டியதை போர்டு சொல்கிறது. கேட்பவருக்கும் வருத்தம் குறைவு. 'என்னை மட்டும் சொல்லல, கடையோட ரூலே அதுதான்' என்று நகர்ந்துவிடுவார்.

இந்தக் கட்டுரையின் சாரமே இதுதான். 'முடியாது' என்பதை ஆளைப் பார்த்து, கோபம் வந்த பிறகு சொன்னால் அது சண்டை. எல்லோருக்கும் பொதுவான விதியாக, காசு வாங்கும் முன்பே சொன்னால் அது தொழில்.

'கஸ்டமர் சொல்றதுதான் சரி'யா?

'வாடிக்கையாளர் சொல்வது எப்போதும் சரி' என்ற வாசகம், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலை நாடுகளின் பிரமாண்டக் கடைகளில் பிரபலமானது. 1909-ல் லண்டனில் தன் பெயரிலேயே கடை திறந்த ஹாரி கார்டன் செல்ஃபிரிட்ஜ், சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு ஆகியோரின் பெயர்களோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். அவை நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை பார்த்த கடைகள். ஒரு கஸ்டமரால் வரும் நஷ்டத்தை அந்தக் கடைகளால் எளிதாகத் தாங்கிக்கொள்ள முடியும்.

உங்கள் கடையில் முதலாளி, மாஸ்டர், பேக்கிங் ஆள், கஸ்டமர் கேர் எல்லாமே நீங்கள்தான். ஒரு கஸ்டமர் உங்கள் நாளை முழுங்கிவிட்டால், மற்ற நாலு பேரின் வேலை தள்ளிப்போகும். அந்த நாலு பேரும் ஒழுங்காகக் காசு கொடுத்துவிட்டு அமைதியாகக் காத்திருப்பவர்களாக இருப்பார்கள் என்பதுதான் கொடுமை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கேக் விலை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பொருள், டப்பா, கரன்ட் எல்லாம் போக 600 ரூபாய் மிஞ்சுகிறது. வேலை 5 மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய்.

இப்போது சிக்கலான கஸ்டமர் வருகிறார். பேரம் பேசி 200 ரூபாய் குறைக்கிறார். கலர் மாற்று, பெயர் மாற்று, பூ மாற்று என்று மெசேஜிலும் போனிலும் இன்னொரு 3 மணி நேரம் போகிறது. மிஞ்சுவது 400 ரூபாய், வேலை 8 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு வெறும் 50 ரூபாய்! ஆர்டர் எண்ணிக்கை ஏறும், கையில் காசு நிற்காது. பலருக்கு 'பிசினஸ் நல்லா போகுது, ஆனா லாபம் தெரியல' என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அறிகுறிகளைக் கவனிங்க

1. முடிந்த விலையை மறுபடி திறப்பவர்: பேரம் பேசுவது தப்பே இல்லை. நாமும் காய்கறிக் கடையில் கொத்தமல்லி கொசுறு கேட்கிறவர்கள்தானே! ஆனால், 1,200 என்று ஒப்புக்கொண்ட பிறகு, 'சரி, 1,000 போட்டுக்கோங்க' என்று இரண்டாவது முறை ஆரம்பிப்பவர், டெலிவரி அன்றைக்கு மூன்றாவது முறையும் ஆரம்பிப்பார்.

2. எல்லோரும் ஏமாத்திட்டாங்க என்பவர்: 'இதுக்கு முன்னாடி மூணு பேர்கிட்ட குடுத்தேன், ஒருத்தருக்கும் வேலை தெரியல' என்று ஆரம்பித்தால் உஷார். ஒருவரிடம் ஏமாந்திருக்கலாம். மூன்று பேருமே மோசம் என்றால், நாலாவதாக அந்த லிஸ்ட்டில் சேரப்போவது நீங்களாக இருக்கலாம்.

3. என்ன வேண்டும் என்று சொல்லாதவர்: 'நீங்களே நல்லா பண்ணுங்க, நான் பார்த்துட்டு சொல்றேன்.' கேட்க நம்பிக்கையாக இருக்கும். ஆனால், அவர் மனதில் ஒரு படம் இருக்கிறது. அதை உங்களிடம் காட்ட மாட்டார். வேலை முடிந்ததும், 'நான் நினைச்சது இது இல்ல' என்பார்.

4. அட்வான்ஸ் என்றதும் கோபப்படுபவர்: 'நாங்க எங்க ஓடிப்போகப் போறோம்? எங்க மேல நம்பிக்கை இல்லையா?' நியாயமான கஸ்டமர் 'எவ்ளோ, எந்த நம்பருக்கு?' என்று மட்டும்தான் கேட்பார்.

5. மிரட்டல் கலந்து பேசுபவர்: 'எனக்கு 20,000 ஃபாலோயர்ஸ் இருக்காங்க, ஸ்டோரி போட்டா உங்களுக்குத்தான் நல்லது' என்று ஆரம்பிப்பது, 'இல்லன்னா ரிவ்யூவுல போட்டுடுவேன்' என்று முடியலாம். ஓசிக்கு விளம்பரம் செய்யலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

6. நேரத்தை மதிக்காதவர்: ராத்திரி 12 மணிக்கு மெசேஜ் அனுப்புவது பிரச்னை இல்லை, காலையில் பதில் சொல்லிக்கொள்ளலாம். அந்த மெசேஜுக்குப் பின்னாலேயே நாலு மிஸ்டு காலும், 'ஆன்லைன்ல இருக்கீங்க, ரிப்ளை பண்ண மாட்டீங்களா?' என்ற கேள்வியும் வந்தால்தான் அது அறிகுறி.

ஒரே ஒரு அறிகுறியை வைத்து யாரையும் முடிவு செய்துவிடாதீர்கள். ஒன்று தெரிந்தால் தெளிவாகக் கேள்வி கேளுங்கள். இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால் அட்வான்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

இவங்க சிக்கலானவங்க இல்லை

நிறைய கேள்வி கேட்பவர் சிக்கலானவர் இல்லை. 'முட்டை போடுவீங்களா, எந்த க்ரீம், எத்தனை மணி நேரம் தாங்கும்?' என்று கேட்பவருக்கு வீட்டில் அலர்ஜி உள்ள குழந்தை இருக்கலாம். முதல்முறையாக ஆர்டர் செய்பவருக்கு எப்படிச் சொல்வதென்றே தெரியாமல் இருக்கலாம்.

கேக்கில் குழந்தையின் பெயரையே தப்பாக எழுதிவிட்டீர்கள், அதைக் கேட்டு ஒருவர் கோபப்படுகிறார். அவர் சிக்கலான கஸ்டமர் இல்லை, ஏமாற்றமடைந்த கஸ்டமர். அங்கே மன்னிப்பும் பணமும் கொடுக்க வேண்டியது நாம்தான்.

இருவரையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தேதி, எடை, ஃப்ளேவர், பட்ஜெட், டெலிவரி ஏரியா என்று ஐந்து கேள்விகளை மெசேஜாகத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கேட்கும் எல்லோருக்கும் அதையே அனுப்புங்கள். ஐந்துக்கும் பதில் சொல்பவரோடு வேலை செய்வது சுலபம். 'இதெல்லாம் எதுக்கு, ரேட் மட்டும் சொல்லுங்க' என்பவரிடம், 'இது தெரிஞ்சாதான் ரேட் சொல்ல முடியும்' என்று இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இது சிக்கல் இல்லை, மோசடி!

ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு போன் செய்வார்கள். பெரிய ஆர்டர் கொடுப்பார்கள், பேரமே பேச மாட்டார்கள். அடையாள அட்டைப் படம்கூட வரும். 'பணம் அனுப்புறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க' என்பார்கள். போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்விடும். இந்தியா முழுக்கச் சின்ன வியாபாரிகளைக் குறிவைக்கும் மோசடி இது.

மறக்கவே கூடாத விதி: யுபிஐ-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணை அழையுங்கள்.

பெண்கள் நடத்தும் பேஜ்களில் இன்னொரு தொல்லை உண்டு. கேக் விலை கேட்பதுபோல ஆரம்பித்து, 'டிபி-ல இருக்கிறது நீங்களா?' என்று போவார்கள். இவர்களுக்கு விளக்கமோ, மரியாதையான மறுப்போ தேவையில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். தொல்லை தொடர்ந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. தொழிலுக்குத் தனி நம்பர் வைத்துக்கொள்வதும், வீட்டு முகவரியை பேஜில் போடாமல் இருப்பதும் நல்லது.

மரியாதையா 'முடியாது' சொல்றது எப்படி?

நம்மில் பலர் 'முடியாது' என்று சொல்வதற்குப் பதில் 'பார்க்கிறேன்' என்கிறோம். கேட்பவருக்கு அது 'சரி' என்றே காதில் விழும். நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

நன்றியோடு ஆரம்பியுங்கள். முடியாது என்பதை முதல் இரண்டு வரிகளுக்குள் சொல்லிவிடுங்கள். காரணத்தை நீட்டாதீர்கள், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கள் ஒரு தீர்வு சொல்வார்கள். முடிந்தால் மாற்றுவழி காட்டுங்கள்.

தொடக்கத்தில் பார்த்தோமே, அந்த ராத்திரி மெசேஜுக்கு இப்படிப் பதில் அனுப்பலாம்:

'வணக்கம் மேம், எங்கிட்ட கேட்டதுக்கு நன்றி. இந்த டிசைனுக்கு எனக்கு 3 நாள் வேணும், அதனால நாளைக்கு பண்ணித் தர முடியாது. நாளைக்கே வேணும்னா ரெடியா கேக் வச்சிருக்கிற பேக்கரியில கேட்டுப் பாருங்க. குழந்தைக்கு என் வாழ்த்துகள்!'

விலையைத் திரும்பத் திரும்பக் குறைக்கச் சொல்பவருக்கு:

'உங்க பட்ஜெட் புரியுது சார். இந்த வேலைக்கு இதுக்குக் கீழ என்னால பண்ண முடியாது. 800 ரூபாய்க்குள்ள சிம்பிளா ஒரு டிசைன் இருக்கு, வேணும்னா அனுப்புறேன்.'

முன்பு ஒருமுறை வந்து படுத்தியவர் மறுபடி கேட்டால்:

'போன தடவை நீங்க எதிர்பார்த்தது என்னால கொடுக்க முடியலை. இந்தத் தடவையும் அப்படி ஆகிடக் கூடாது, அதனால இந்த ஆர்டரை நான் எடுத்துக்கலை மேம்.'

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, பொய். 'உடம்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே வேறொரு கேக்கை ஸ்டேட்டஸில் போட்டால் மாட்டிக்கொள்வோம். இரண்டு, விரட்டுவதற்காக விலையைக் கூட்டிச் சொல்வது. 'சரி, அதே ரேட்டுக்குப் பண்ணுங்க' என்று அவர் சொல்லிவிட்டால்? பிடிக்காத வேலையை, இரண்டு மடங்கு எதிர்பார்ப்போடு செய்ய வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் வாங்கிட்டேன், இப்போ என்ன பண்றது?

இங்கே சட்டமும் உள்ளே வருகிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, விலைப்பட்டியல் போடுவதாலேயே ஒப்பந்தம் ஆகிவிடாது. அது 'வந்து கேளுங்கள்' என்ற அழைப்பு மட்டும்தான். கஸ்டமர் கேட்டு, நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் ஒப்பந்தம். மெசேஜில் ஒப்புக்கொண்டாலும் ஒப்பந்தம்தான். அதன்பிறகு காரணமில்லாமல் நீங்கள் பின்வாங்கினால், அதனால் அவருக்கு ஏற்படும் நஷ்டத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் 'முடியாது' என்பதை அட்வான்ஸுக்கு முன்பே சொல்லச் சொல்கிறோம்.

வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிகிறது என்றால், அவர் வேறு ஆளைத் தேட நேரம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். முழுப் பணத்தையும் உடனே திருப்பி அனுப்பி, ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள். 'அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று உங்கள் பேஜில் போட்டிருந்தாலும், விலகுவது நீங்கள் என்றால் அதைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்வது நியாயமில்லை.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்திருக்கின்றன. 2007-ல் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் மொபைல் நிறுவனம், கஸ்டமர் கேருக்கு அளவுக்கு மீறிப் போன் செய்ததாகச் சுமார் 1,000 பேரின் இணைப்பை நிறுத்தியது. அவர்களின் பாக்கியைத் தள்ளுபடி செய்தது. அப்படியும் 'குறை சொன்னவர்களைத் துரத்திவிட்டார்கள்' என்ற கெட்ட பெயர் வந்தது. பாதியில் விலகினால், எவ்வளவு கௌரவமாக விலகினாலும் கொஞ்சம் சேதாரம் இருக்கும்.

பொருளில் குறை இருந்தால் கதையே வேறு. 2020-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்களுக்குள் தர வேண்டும். 'சிக்கலான கஸ்டமர்' என்று முத்திரை குத்தி இதிலிருந்து தப்பிக்க முடியாது.

சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி...

தெரியாதவர்களிடம்கூட 'முடியாது' சொல்லிவிடலாம். சொந்தக்காரர்களிடம்? 'நம்ம பொண்ணுதானே, பொருளுக்கு மட்டும் காசு வாங்கிக்க' என்பார்கள். 'தாட்சண்யம் தன நாசம்' என்ற பழமொழி சும்மா வரவில்லை.

இதற்கு ஒரே வழி, பாதிப் பாதி வேண்டாம். ஒன்று முழுப் பரிசு, இல்லையென்றால் முழு விலை. 'சித்தி, பாப்பாவோட முதல் பர்த்டே கேக் என்னோட கிஃப்ட். அதுக்கப்புறம் எப்போ வேணும்னாலும் மெனு ரேட்தான், சரியா?' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாதி விலைக்குச் செய்தால் உங்களுக்கு மனக்குறை, முழு விலை கொடுத்ததாக நினைப்பதால் அவர்களுக்கு எதிர்பார்ப்பு. இரண்டு பக்கமும் கசப்புதான் மிஞ்சும்.

மறுக்கக் கூடாதது எது?

இது முக்கியம். ஆர்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது என்பதற்காக ஆளைப் பார்த்து மறுக்க முடியாது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவு 15(2). தீண்டாமையைக் காரணமாக வைத்துப் பொருள் விற்க மறுப்பது, 1955-ம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த மண் இது. ஏரியா பெயரைக் கேட்டதுமே 'டேட் ஃபுல்' என்று சொல்வது அதன் புது வடிவம்தான். மறுக்கும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். 'இதே மாதிரி எனக்கு ரொம்பப் பிடிச்ச கஸ்டமர் நடந்துக்கிட்டாலும் மறுப்பேனா?' ஆமாம் என்றால் மறுப்பது நடத்தையை. இல்லை என்றால் மறுப்பது ஆளை.

மறுத்த பிறகு ஒரு ஸ்டார் ரிவ்யூ வந்தால்?

ஒரே ஒரு பதில் போதும். 'இந்த ஆர்டரைக் குறைந்த நேரத்தில் செய்ய முடியாது என்று அன்றே தெரிவித்தோம். பணம் எதுவும் பெறவில்லை.' அவ்வளவுதான். உங்கள் பதிலை அவர் படிப்பாரோ இல்லையோ, அடுத்து வரும் பத்து கஸ்டமர்கள் படிப்பார்கள். அவருடைய நம்பர், போட்டோ, சாட்டை ஸ்டோரியில் போட்டுப் பழிவாங்காதீர்கள். அப்படிச் செய்தால் அவர்கள் பார்வையில் சிக்கலானவர் நீங்களாகிவிடுவீர்கள்.

உங்க போர்டை இன்னைக்கே எழுதுங்க

ஒரு பேப்பரை எடுங்கள். ஆர்டருக்கு எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை முறை மாற்றலாம், எந்த நேரத்தில் பதில் சொல்வீர்கள், ரத்து செய்தால் என்ன ஆகும்... ஐந்தே வரி. அதை பேஜின் ஹைலைட்ஸில் வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை'யாகச் சேமித்து, எந்த ஆர்டரை எடுக்கும் முன்பும் அனுப்புங்கள். 'படிச்சேன், ஓகே' என்று பதில் வந்த பிறகு மட்டும் அட்வான்ஸ் நம்பர் கொடுங்கள். உங்கள் பெரியம்மா பையனுக்கும் இதே போர்டுதான்.

தொழில் ஆரம்பித்த புதிதில் கையில் நாலே ஆர்டர் இருக்கும்போது, அதில் ஒன்றை வேண்டாம் என்று சொல்ல வயிறு பிசையும். வாடகை, லோன், வீட்டின் கேள்விகள் எல்லாம் கண் முன் வரும். எடுத்தே ஆக வேண்டிய மாதமும் வரலாம், எடுங்கள். ஆனால், முழு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இன்றைக்கும் ராத்திரி 11.20-க்கு ஒரு மெசேஜ் வரலாம். பதில் காலையில் சொல்லிக்கொள்ளலாம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஒழுங்காகக் காசு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாரே, அவருடைய கேக்குக்கு நாளைக்குக் கை நடுங்காமல் பூப்போட வேண்டாமா?